ரிமோட் ஹோவர்கிராஃப்ட்: மோட்டாரைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

காற்றுமெத்தையின் மேல் மிதந்தபடி ரிமோட்டில் ஓடும் ஹோவர்கிராஃப்ட் ஒன்றைச் சொந்தமாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "எத்தனை கேவி மோட்டார் வாங்கலாம்?" ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று சொல்லும் எண்தான் கேவி. இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. மோட்டார் இந்தக் கணக்கின் கடைசி வரியில் வரும் விடை. வண்டியின் எடையும் அளவும் தெரிந்தால், அதைத் தூக்க எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும், ஓட்ட எவ்வளவு தள்ளுவிசை வேண்டும் என்பது தெரியும். அது தெரிந்தால் எந்த ப்ரொப்பெல்லர் என்று முடிவு செய்யலாம். ப்ரொப்பெல்லரும் பேட்டரியும் முடிவான பிறகு மோட்டாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கணக்கே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல், அங்கங்கே ஒரு வர்க்கமூலம், அவ்வளவுதான். கட்டுரை முழுக்க ஒரே வண்டியை வைத்துப் பார்ப்போம்: நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., பேட்டரி உட்பட எடை 600 கிராம். ஃபோம் ஷீட்டில் உடல், மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஸ்கர்ட், அதாவது காற்றை அடியில் அடைத்து வைக்க வண்டியின் ஓரத்தைச் சுற்றித் தொங்கும் பாவாடை. இரண்டு மோட்டார்கள். ஒன்று காற்றைக் கீழே அடைத்து வண்டியைத் தூக்கும். மற்றொன்று பின்பக்கம் நின்று முன்னால் தள்ளும்.

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வேலைகள். தள்ளுகிற ப்ரொப்பெல்லர் திறந்த வெளியில், தடையில்லாமல், நிறையக் காற்றைப் பின்னால் வீசுகிறது. தூக்குகிற விசிறியோ ஏற்கெனவே அழுத்தம் நிறைந்த ஓர் அடைப்புக்குள் இன்னும் கொஞ்சம் காற்றைத் திணிக்கிறது. ஒரே மாதிரி இரண்டு செட் வாங்கிப் போட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் இரண்டில் ஒன்றாவது தன் வேலைக்குப் பொருந்தாமல்தான் இருக்கும்.

தூக்குவதற்கு எவ்வளவு வேண்டும்?

முதலில் அழுத்தம். வண்டியின் எடையை அடிப்பரப்பால் வகுத்தால் போதும். 60 × 30 என்றால் 1,800 சதுர செ.மீ. அதன் மேல் 600 கிராம் பரவி நிற்கிறது. ஒரு சதுர செ.மீ.க்கு மூன்றில் ஒரு பங்கு கிராம். பாஸ்கல் கணக்கில் சுமார் 33. தண்ணீர் மட்டத்தில் சொன்னால் 3.3 மி.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். ஒரு பலூனை ஊத இதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும்.

இதைப் பார்த்ததும் "600 கிராம் வண்டியைத் தூக்க 600 கிராம் தள்ளுவிசை தரும் மோட்டார் வேண்டாமா?" என்று தோன்றும். வேண்டாம். ட்ரோனுக்கும் ஹோவர்கிராஃப்ட்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். விசிறி தாங்க வேண்டியது வண்டியின் முழு எடையை அல்ல. தன் ஓட்டையின் பரப்பில் விழுகிற பங்கை மட்டும். 5 அங்குல ப்ரொப்பெல்லர் ஒன்றின் வட்டப் பரப்பு சுமார் 127 சதுர செ.மீ. வண்டியின் அடிப்பரப்பில் இது பதினான்கில் ஒரு பங்கு. ஆக, விசிறி எதிர்கொள்ளும் சுமை 600 ÷ 14, கிட்டத்தட்ட 43 கிராம். ஹைட்ராலிக் ஜாக்கியில் சின்னப் பிஸ்டன் பெரிய எடையைத் தூக்குவதும் இதே பாஸ்கல் விதிப்படிதான்.

காற்றுமெத்தையின் மேல் ஒரு கப்பலையே ஓட்டலாம் என்று நம்பிய பிரிட்டிஷ் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல், 1955 வாக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு தகர டப்பாக்களையும் ஒரு காற்று ஊதியையும் தராசையும் வைத்துத்தான் தன் யோசனையைச் சோதித்துப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த எஸ்ஆர்.என்1 வண்டி 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. அப்போது அதற்கு இன்றைக்கு இருப்பது போன்ற நெகிழும் ஸ்கர்ட் கிடையாது. காற்று கசிந்து வெளியேறும் இடைவெளியைச் சுருக்கி, அதே சக்தியில் பெரிய தடைகளையும் தாண்ட வைத்தது பின்னால் வந்த ஸ்கர்ட்தான்.

அந்தக் கசிவுதான் அடுத்த கணக்கு. வண்டி மிதக்கும்போது ஸ்கர்ட்டுக்கும் தரைக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கும். அதன் வழியாகக் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியேறுகிற அளவுக்கு விசிறி உள்ளே அனுப்ப வேண்டும். 33 பாஸ்கல் அழுத்தத்தில் காற்று விநாடிக்கு சுமார் 7.3 மீட்டர் வேகத்தில் கசியும். நம் வண்டியின் சுற்றளவு 180 செ.மீ. இடைவெளி 3 மி.மீ. என்று வைத்தால் கசிவுப் பரப்பு 54 சதுர செ.மீ. இடுக்கு வழியாக வெளிவரும்போது காற்றோட்டம் சுருங்கும் என்பதால் 0.6 ஆல் பெருக்கினால், விநாடிக்கு சுமார் 24 லிட்டர் காற்று. அழுத்தத்தை இந்த ஓட்டத்தால் பெருக்கினால் தேவையான சக்தி கிடைக்கும்: 0.8 வாட்.

ஆமாம், ஒரு வாட்டுக்கும் குறைவு. விசிறி, மோட்டார், காற்றுப் பாதை எல்லாம் சேர்ந்து நான்கில் மூன்று பங்கை வீணடித்தாலும் பேட்டரியிலிருந்து 3 வாட் போதும். இது வழவழப்பான தரைக்கான கணக்கு. கரடுமுரடான தரையில், வெட்டிய புல்லில், ஸ்கர்ட் சரியாகப் படியாது. சராசரி இடைவெளி 10 மி.மீ. ஆனால் சக்தியும் அதே விகிதத்தில் கூடி 10 வாட்டைத் தொடும். அதனால் 20 முதல் 30 வாட் வரை தாங்கும் ஒரு தூக்கு மோட்டார் நம் வண்டிக்குத் தாராளம். இதற்கு மேல் பெரிதாகப் போடுவது எடையைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

எடை கூடினால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். எடை இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்கு. கசிவு வேகம் 1.4 மடங்கு, ஆகவே காற்றின் அளவும் 1.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சக்தி 2.8 மடங்கு. மாறாக, எடையைக் கூட்டாமல் அடிப்பரப்பை இரண்டு மடங்காக்கினால் தூக்கும் சக்தி பாதியாகக் குறையும். வண்டி தூக்கவில்லை என்றால் பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன் கத்தியை எடுத்து ஃபோமைச் செதுக்கிப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஹோவர்கிராஃப்ட்டில் மிக மலிவான "மோட்டார்" அதுதான்.

இன்னொரு விஷயம். வண்டி மிதந்த பிறகு தூக்கு மோட்டாரை மேலும் முடுக்கினால் உள்ளே அழுத்தம் அதிகரிக்காது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது எடை, அது மாறவில்லை. கூடுவது இடைவெளி மட்டும்தான். ஓரளவுக்கு மேல் போனால் ஸ்கர்ட் படபடவென்று அடிக்கத் தொடங்கும், வண்டி துள்ளும். மிதப்பதற்குத் தேவையான இடத்தைவிடச் சற்றே மேலே தூக்கு த்ராட்டிலை (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டை) வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம்.

எந்த விசிறி?

43 கிராம் சுமைக்கு 43 கிராம் தள்ளுவிசை தரும் ப்ரொப்பெல்லர் போதாது. திறந்த வெளியில் தரும் எண் ஒன்று, அடைப்புக்குள் ஊதும்போது கிடைப்பது வேறு. பின்னழுத்தம் இருக்கும்போது இலைகளுக்கு வரும் காற்று மெதுவாகிறது; இலை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடிக் காற்று இலையை விட்டுப் பிரிகிறது. இலை நுனிக்கும் விசிறியைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாக உள்ளே போன காற்றே மேலே திரும்பி வருகிறது. ஸ்கர்ட்டுக்குள் நுழையும் சின்ன ஓட்டைகளிலும் கொஞ்சம் அழுத்தம் தொலைகிறது. அதனால் தேவையைப் போல் மூன்று நான்கு மடங்கு, அதாவது திறந்த வெளியில் 150 கிராமுக்குக் குறையாமல் தரும் ஒன்றை எடுப்பது நல்லது.

5 அங்குல ட்ரோன் ப்ரொப்பெல்லர்கள் இதற்கு நன்றாகப் பொருந்தும். இரண்டு இலையைவிட மூன்று அல்லது நான்கு இலை மேல். பிட்ச், அதாவது இலையின் சாய்வைச் சொல்லும் எண், குறைவாக, 3 அங்குலம் போல இருக்கட்டும். நுனி மழுங்கலாக, அகலமாக வெட்டிய வகை கிடைத்தால் விடாதீர்கள். வளையத்துக்குள் சுற்ற அதுவே சிறந்தது, ஏனென்றால் கூர் நுனி ப்ரொப்பெல்லர் வளையத்தின் ஓரத்தில் அதிக வேலை செய்வதில்லை. நுனிக்கும் வளையத்துக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. விட்டால் போதும். அந்தச் சந்து 5 மி.மீ. ஆனால் அழுத்தம் கணிசமாகக் குறையும். மோட்டார் வாங்கிப் பெற முடியாத லாபம் இந்தச் சந்தில் ஒளிந்திருக்கிறது. வளையத்தின் மேல் விளிம்பைக் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள். காற்று வழுக்கி உள்ளே வரும்.

கணினியின் 12 செ.மீ. பெட்டி விசிறியைப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவை நிறையக் காற்றை நகர்த்தும், ஆனால் அழுத்தம் தருவதில் பலவீனமானவை. சாதாரண விசிறிகள் சுமார் 2 மி.மீ. தண்ணீர் அழுத்தத்திலேயே காற்றோட்டத்தை முழுசாக நிறுத்திவிடும். நமக்கு வேண்டியது 3.3. மிக லேசான, அகலமான வண்டிக்கு மட்டும் பார்க்கலாம். குழாய் விசிறி எனப்படும் ஈடிஎஃப் எதிர்த் துருவம்: அழுத்தம் அள்ளிக் கொடுக்கும், கூடவே பேட்டரியையும் குடிக்கும், வீறிட்டுக் கத்தும். இந்த அளவு வண்டிக்கு அவசியமில்லை.

தள்ளுவதற்கு எவ்வளவு?

தூக்குவதற்கு ஒழுங்கான கணக்கு உண்டு. தள்ளுவதற்குக் கணக்கைவிட அனுபவ விதிதான் உதவும். தரையோடு உராய்வு அநேகமாக இல்லாததால் மிதக்கும் வண்டியை விரலால் தொட்டாலே நகரும். ஆகவே எடையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுவிசை இருந்தால் வீட்டுத் தரையிலும் கூடைப்பந்துத் திடலிலும் வண்டி நன்றாகவே ஓடும். புல், மண், லேசான ஏற்றம், எதிர்க்காற்று என்றால் எடையில் பாதி. நம் 600 கிராம் வண்டிக்கு நடுவாக 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

அதற்கு மேல் போட்டால் என்ன? ஓடும். ஆனால் நிற்காது. ஹோவர்கிராஃப்ட்டுக்குப் பிரேக் இல்லை. சக்கரம் போலத் தரையைப் பிடித்துத் திரும்பவும் முடியாது. வேகத்தை அழிக்க வண்டியை அப்படியே திருப்பிப் பின்னோக்கித் தள்ள வேண்டும், அல்லது தூக்கு மோட்டாரை நிறுத்தி வயிற்றால் தேய்க்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் கையில் 500 கிராம் தள்ளுவிசை இருந்தால் அடுத்து நடப்பது பெரும்பாலும் சுவரோடு ஒரு சந்திப்பு.

இப்போது ப்ரொப்பெல்லர். அதன் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்கள் விட்டமும் பிட்ச்சும், இரண்டும் அங்குலத்தில். 6 × 3 என்றால் விட்டம் 6 அங்குலம். ஒரு மரத்திருகு மரத்தில் இறங்குவது போல ஒரு சுற்றுக்கு 3 அங்குலம் முன்னேறும் அளவுக்கு இலை சாய்ந்திருக்கிறது. ட்ரோன் வகையில் இதையே 6030 என்று ஒட்டி எழுதுவார்கள். 5045 என்றால் 5 அங்குலம், 4.5 பிட்ச்.

விட்டத்தை எப்படி முடிவு செய்வது? ஒரே தள்ளுவிசையைப் பெரிய வட்டத்தில் மெதுவாகத் தள்ளியும் பெறலாம், சின்ன வட்டத்தில் வேகமாகத் தள்ளியும் பெறலாம். முதலாவது எப்போதும் சிக்கனம். 250 கிராமுக்கு எந்த இழப்பும் இல்லாத ஒரு இலட்சிய ப்ரொப்பெல்லர் 5 அங்குலத்தில் 22 வாட் கேட்கும். 6 அங்குலத்தில் 18. 8 அங்குலத்தில் 13.6. நிஜ ப்ரொப்பெல்லருக்கு இதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும், ஆனால் விகிதம் அப்படியே இருக்கும். தேவையான சக்தி விட்டத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது.

அப்படியானால் 10 அங்குலத்தையே போட்டுவிடலாமே? இங்கேதான் ஹோவர்கிராஃப்ட் விமானத்திலிருந்து பிரிகிறது. ப்ரொப்பெல்லர் பெரிதானால் அதன் அச்சு உயரும். தள்ளுவிசை மேலே, இழுவை கீழே ஸ்கர்ட்டில். இரண்டும் சேர்ந்து மூக்கைக் கீழே அமுக்கும். 6 அங்குல ப்ரொப்பெல்லரின் அச்சு தரையிலிருந்து சுமார் 14 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்று கொள்வோம். 250 கிராமை 14ஆல் பெருக்கி, 600 கிராமால் வகுத்தால் 5.8 செ.மீ. மோசமான நிலையில் வண்டியின் எடை அவ்வளவு தூரம் முன்னால் நகர்ந்தது போல ஆகிவிடும். முன் ஸ்கர்ட் தரையைத் தொட்டால் இழுவை இன்னும் கூடும், மூக்கு இன்னும் இறங்கும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று குத்தி நிற்கும், சில நேரம் குட்டிக்கரணமும் போடும். பேட்டரியைப் பின்னால் தள்ளிச் சமாளிக்கலாம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. த்ராட்டிலை விட்டதும் வால் தொங்கும். விட்டம் கூடக் கூட இந்தத் தொல்லை வளரும். நம் 30 செ.மீ. அகல வண்டிக்கு 6 அங்குலம் நல்ல சமரசம். 8 அங்குலம் போட 40 செ.மீ. அகலமாவது இருந்தால் நிம்மதி.

பிட்ச் விஷயம் சுலபம்: குறைவாக எடுங்கள். சுற்றையும் பிட்ச்சையும் பெருக்கினால் ப்ரொப்பெல்லர் பின்னால் அனுப்பும் காற்றின் ஏறத்தாழ வேகம் வரும். 6 × 3 ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 12,200 சுற்று சுற்றினால் அது விநாடிக்கு 15.5 மீட்டர், மணிக்கு 56 கி.மீ. நம் வண்டி அந்த வேகத்தை எட்டப் போவதில்லை. பிட்ச்சைக் கூட்டினால் நின்ற நிலையிலும் மெதுவான ஓட்டத்திலும் கரண்ட்தான் கூடும். பிட்ச், விட்டத்தில் பாதி அல்லது சற்றே கூட இருந்தால் போதும்.

வாங்கும்போது "ஸ்லோ ஃப்ளையர்" என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். மெல்லிய, லேசான இலைகள்; மெதுவாகச் சுற்றவே செய்யப்பட்டவை. ப்ரொப்பெல்லர் தயாரிக்கும் ஏபிசி நிறுவனம் தன் ஸ்லோ ஃப்ளையர் வகைக்குத் தரும் சுற்று வரம்பு 65,000 வகுத்தல் விட்டம். 8 அங்குலத்துக்கு 8,125 சுற்று மட்டுமே. அதற்கு மேல் ஓட்டினால் இலை பிய்த்துக்கொண்டு பறக்கலாம்.

இனி மோட்டார்

இதுவரை வந்ததைச் சேர்த்தால் மோட்டாருக்கான விவரம் முழுக்கக் கையில் இருக்கிறது. 6 × 3 ப்ரொப்பெல்லர் 250 கிராம் தர நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,200 சுற்று வேண்டும். அந்தச் சுற்றில் தண்டில் 34 வாட் போல வாங்கும். மோட்டார் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 43 வாட்.

கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. ப்ரொப்பெல்லரை மாட்டியதும் சுற்று குறையும். 80 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 12,200ஐ 0.8ஆல் வகுத்தால் 15,250. இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, அதாவது 2எஸ், 7.4 வோல்ட். 15,250 ÷ 7.4 = 2,060 கேவி. அதே ப்ரொப்பெல்லரை 3எஸ், 11.1 வோல்ட்டில் ஓட்ட நினைத்தால் 1,370 கேவி. இரண்டிலும் சக்தி ஒன்றுதான், 2எஸ்ஸில் 5.8 ஆம்ப், 3எஸ்ஸில் 3.9 ஆம்ப். "எத்தனை கேவி?" என்ற கேள்விக்கு ஏன் முதலிலேயே பதில் சொல்ல முடியவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

கேவி கூடினால் மோட்டார் வலுவானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். கேவி கூடக் கூட ஒரு ஆம்ப்புக்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறைகிறது, 9.55ஐக் கேவியால் வகுத்தால் ஆம்ப்புக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது வரும். அதிகக் கேவி சின்ன ப்ரொப்பெல்லருக்கு, குறைந்த கேவி பெரிய ப்ரொப்பெல்லருக்கு. வலுவைக் காட்டுவது மோட்டாரின் உடல் அளவு. 2204 என்று எழுதியிருந்தால் உள்ளே இருக்கும் ஸ்டேட்டர் (கம்பி சுற்றிய, சுழலாத பகுதி) 22 மி.மீ. விட்டம், 4 மி.மீ. உயரம். சில தயாரிப்பாளர்கள் வெளிக்கூட்டின் அளவை எழுதிவிடுவார்கள் என்பதால் எடையையும் ஒரு பார்வை பாருங்கள்.

நம் தள்ளு மோட்டாருக்கு 2204 அளவு, 2,000 முதல் 2,300 கேவி, 2எஸ் பேட்டரி. கடையில் 2,300 தான் கிடைக்கிறது என்று வையுங்கள். சுற்று 13,600க்கு ஏறும், தள்ளுவிசை 310 கிராம், கரண்ட் 8 ஆம்ப். பரவாயில்லை. தூக்கு மோட்டாருக்கு 1806 அளவு, 2,300 கேவி, 5 × 3 ப்ரொப்பெல்லர். 2எஸ்ஸில் 200 கிராமை ஒட்டித் தரும், முழு த்ராட்டிலில் 4 முதல் 5 ஆம்ப். முழு த்ராட்டில் தேவைப்படாது என்பதை முன்பே பார்த்தோம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக மாற்றிவிடாதீர்கள். ப்ரொப்பெல்லர் வாங்கும் சக்தி, ஒரே சுற்றில், விட்டத்தின் நான்காம் அடுக்கும் பிட்ச்சும் சேர்ந்து கூடும். ஒரே ப்ரொப்பெல்லரில் சுற்றின் மூன்றாம் அடுக்காகக் கூடும். 6 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 7 போட்டால் 1.85 மடங்கு, 8 போட்டால் மூன்று மடங்குக்கு மேல். ப்ரொப்பெல்லரை மாற்றாமல் 2எஸ் பேட்டரிக்குப் பதில் 3எஸ் மாட்டினால் காகிதக் கணக்கில் 3.4 மடங்கு. சுமையில் சுற்று சற்றுக் குறைவதால் நிஜத்தில் இவ்வளவு வராது, ஆனால் 43 வாட் மோட்டாரைக் கருக்க இதில் பாதியே போதும். மோட்டார் விவரத்தாளில் எந்த வோல்ட்டேஜுக்கு எந்த ப்ரொப்பெல்லர் என்று அட்டவணை இருக்கும். அதற்குள் நில்லுங்கள். அட்டவணையே இல்லாத மோட்டாரை வாங்காமலிருப்பது இன்னும் நல்லது.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, பேட்டரி இரண்டும் இதற்குப் பின்னால் தானாக வரும். 8 ஆம்ப்புக்கு 12 ஆம்ப் ஈஎஸ்சி போதும், 20 என்றால் கவலையே இல்லை. இரண்டு மோட்டாரும் முழுசாகக் குடித்தால் 12.5 ஆம்ப், 1,300 எம்ஏஎச், 25சி பேட்டரி 1.3 × 25, அதாவது 32 ஆம்ப் வரை கொடுக்கும். பேட்டரியில் 80 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவதாக வைத்தால் முழு த்ராட்டிலில் 5 நிமிடம், வழக்கமான ஓட்டத்தில் அதைப் போல் இரண்டு மடங்கு.

ஒரே மோட்டாரில் இரண்டு வேலையையும் முடிக்கும் வண்டிகளும் உண்டு. பின்னால் ஒரு பெரிய ப்ரொப்பெல்லர். அதன் கீழ்ப்பகுதிக் காற்றை, சுமார் மூன்றில் ஒரு பங்கை, ஒரு தகடு பிரித்து ஸ்கர்ட்டுக்குள் திருப்பும். எடை குறைவு, வயரிங் சுலபம். ஆனால் நகராமல் மிதக்க முடியாது, த்ராட்டிலை விட்டால் மிதப்பும் போய்விடும். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க நினைத்த நொடியில் வண்டி தரையில் உட்கார்ந்துகொள்ளும். முதல் வண்டிக்கு இரண்டு மோட்டாரைத்தான் நான் சொல்வேன்.

மாட்டும்போது

ப்ரொப்பெல்லரில் எழுத்து பொறித்த பக்கம் எப்போதும் காற்று வந்து நுழையும் திசையைப் பார்க்க வேண்டும். தள்ளு ப்ரொப்பெல்லரில் வண்டியின் முன்பக்கம். தூக்கு விசிறியில் மேல்பக்கம். மோட்டார் ப்ரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது பொருட்டல்ல. தலைகீழாக மாட்டினாலும் காற்று அதே பக்கம்தான் போகும், ஆனால் பாதி வலுவோடு; இதனால்தான் சில வண்டிகள் "ஏனோ இழுக்கவில்லை" என்று நிற்கின்றன. சுற்றும் திசை தவறாக இருந்தால் மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றி மாட்டுங்கள், போதும்.

இரண்டு ஈஎஸ்சியும் ரிசீவருக்கு 5 வோல்ட் அனுப்பும். ஒன்றின் நடு சிவப்பு வயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். தள்ளு மோட்டார் ரிமோட்டின் குச்சியில் இருக்கட்டும், தூக்கு மோட்டாரைத் தனிச் சானலில், திருகு குமிழிலோ ஸ்விட்ச்சிலோ வையுங்கள்.

தூக்கு விசிறி ஒரு பக்கம் சுற்றினால் வண்டி மறுபக்கம் சுற்ற முயலும். தரைப் பிடிப்பு இல்லாததால் இது கண்ணுக்குத் தெரியும். வளையத்துக்குக் கீழே இரண்டு மூன்று நேரான தகடுகளை ஒட்டினால் சுழலும் காற்று நேராகி, அந்தத் திருப்பமும் பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தை ரிமோட்டில் சுக்கானுக்கு இருக்கும் ட்ரிம்மில் (நடுநிலையைச் சற்றே நகர்த்தும் பொத்தானில்) சரிசெய்யலாம்.

6 அங்குல இலையின் நுனி 12,200 சுற்றில் மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் போகிறது. ஈஎஸ்சி அமைப்பது, திசை பார்ப்பது, ரிமோட்டைப் பழக்குவது எல்லாவற்றையும் ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். மாட்டிய பிறகு கம்பி வலைக் காப்பு இல்லாமல் முடுக்க வேண்டாம்.

கடைசியாகச் சோதனை. வால்பக்கத்தில் ஒரு கயிறு கட்டி, பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் மாட்டி, வண்டியை மிதக்கவிட்டு முழு த்ராட்டில் கொடுங்கள். தள்ளுவிசை கிராமில் நேராகத் தெரியும். பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் வாட்மீட்டர் இருந்தால் கரண்ட்டும் கையோடு கிடைக்கும். தூக்கும் பக்கத்துக்கு யு வடிவில் வளைத்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு முனையை வண்டிக்கு அடியில் நுழையுங்கள். இரண்டு பக்க மட்டங்களுக்கும் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூட வித்தியாசம் வந்து வண்டியும் மிதந்தால் கணக்கு சரி. மட்டம் அந்த அளவை எட்டாமல் வண்டி தரையிலேயே கிடந்தால், விசிறி வளையத்தின் சந்தையும் ஸ்கர்ட் ஒட்டிய ஓரங்களையும் முதலில் பாருங்கள். இரண்டு நிமிடம் ஓட்டியபின் மோட்டாரில் விரல் வையுங்கள். மூன்று விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அடுத்த சின்ன ப்ரொப்பெல்லருக்கு இறங்கிவிடுங்கள்.